மூணு சுழி ண

'அன்புள்ள' வரை ஒழுங்காக வருகிறது.
அடுத்த சொல்லில் அகரத்தைத் தாண்டி
மூணு சுழி ண-வின் இரண்டாம் சுழியில்
மை நின்றுபோகிறது.
அழுத்தினால் முள் விரிகிறது.
விரிந்த நுனிகள் ஆளுக்கொரு கோடு இழுத்துக்கொண்டு
நடுவே வெள்ளையை விட்டுவிட்டுப் போகின்றன,
குர்லாவைத் தாண்டினால் தெரியும்
மழை வடிந்த தண்டவாளம் மாதிரி.

விற்கும்போதே முர்தஸா சொன்னான்:
"தங்க முள். புல் மாதிரி வளையும்.
எழுதுமா என்று மட்டும் கேட்காதீர்கள்."
சோர் பஜார், வெள்ளிக்கிழமை காலை, எண்ணூறு ரூபாய்.
எந்தப் பூட்டுக்கோ ஒரு சாவி இனாம்.

லேபில் எல்லோரும் போனபிறகு
என் மேசை விளக்கை மட்டும் போட்டுக்கொள்கிறேன்.
நான் பல் கட்டுகிறவள்.
நாளைக்கு வடாலா போகவேண்டிய ஒரு மேல்வரிசை
பிளாஸ்டர் அச்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறது.
பேனா முள்ளுக்கு அடியில் இருப்பதற்கும்
நாக்கு என்றுதான் பெயர்.
பிளந்த முள்ளைப் பல் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்?
சயானில் இதற்கு என்னைவிட யார் இருக்கிறார்கள்?

பல்செட் கழுவும் அதிர்வுத் தொட்டியில்
நாக்கை மட்டும் போட்டேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நீலம். பிறகு ஒரு பச்சை.
கடைசியில் ஊதா, நூல் போல எழுந்து கலைந்தது.
யாரோ மூன்று பேர் பாதியில் நிறுத்தியது
எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டினேன்.

இரு பற்களுக்கு இடையே செருகும் தகட்டுப் பட்டையை
முள்ளின் கீறலில் விட்டு ஒருமுறை இழுத்தேன்.
ஒரே முறை.
பொன்னானாலும் பல்லானாலும்
ரொம்ப அகட்டினால் அப்புறம் சேராது.

எழுதிப் பார்த்தேன்.
அதே இரண்டாம் சுழி.

லென்ஸை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் பிடித்தேன்.
முள்ளுக்கும் நாக்குக்கும் நடுவே
வெளிச்சம் தெரிந்தது, ஒரு மயிரிழை.
அவ்வளவு சந்து போதும்,
மை வந்த வழியே திரும்பிவிட.

அக்ரிலிக் வேகவைக்கும் வெந்நீரில் முக்கி
நாற்பது எண்ணினேன்.
எபொனைட் கந்தக வாடை விட்டது.
எடுத்துக் கட்டைவிரலால் நாக்கை மேலே தள்ளி
ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.
சுட்டது.
பேச்சிமுத்து பார்த்திருந்தால்
"பத்து ரூவாய்க்குப் பேனா கிடைக்காதா ஊரில்" என்பான்.
அந்தப் பத்து ரூபாய்ப் பேனாவில்தான்
அன்டாப் ஹில் வீட்டு டெபாசிட் பேப்பரில்
இருவரும் கையெழுத்துப் போட்டோம்.
அன்றைக்கு மை எங்கேயும் தடங்கவில்லை.
அதன்பிறகு இரண்டு வருஷம் ஏழு மாசம் பேச்சில்லை.
இருப்பது காட்கோபரில், இங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன்.

போன மாசம் என் கணக்கில் நாற்பதாயிரம் வந்தது.
குறிப்பு என்ற இடத்தில்
ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தான்.

முள்ளும் நாக்கும் இப்போது ஒட்டியிருக்கின்றன.
மையும் நல்ல மை. காகிதமும் வழவழப்பில்லாதது.
அப்படியும் மூன்று தடவைக்கு ஒரு தடவை பிளக்கிறது கோடு.
பிளேடு எடுத்து நாக்கின் வாய்க்காலை
இன்னும் ஆழமாகக் கீறலாம்.
எடுத்தேன், வைத்துவிட்டேன்.
கீறியதைத் தூர்க்க முடியாது.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.
அந்தச் சொல் வரும்போதெல்லாம்
அது ஓடுகிறது,
கடைசி லோக்கலைப் பிடிக்கிறவள் மாதிரி.

மெதுவாக எழுதினேன்.
முதல் சுழி.
இரண்டாவதில் நின்றேன். மை வரட்டும் என்று நின்றேன்.
வந்தது,
கறுத்து, விளிம்பு பளபளத்து,
மூன்றாவதை அதுவே இழுத்துக்கொண்டு போயிற்று.
தலையில் வைத்த புள்ளி மட்டும்
மிளகு அளவுக்குப் பூத்துவிட்டது.
ஒற்றியெடுக்கவில்லை.

'அண்ணனுக்கு' என்று முடித்து
அடுத்த வரிக்கு வந்தேன்.
பணம் வந்தது என்று எழுதவேண்டும்.
அதிலும் ஒரு ண இருக்கிறது.